விடுமுறையும் வீடும்

தமிழில் 'விடு' என்னும் வேர்ச்சொல் ஈன்ற சொற்கள் பல. விடுதலை, விடுப்பு, விடுமுறை, விடுதி, வீடு ஆகிய ஐந்தும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இவற்றுள் வீடு என்னும் சொல் தனிச் சிறப்புடையது. குடியிருக்கும் மனை என்பது அதன் ஒரு பொருள். பற்றெல்லாம் நீங்கிய பேரின்ப நிலை என்பது மற்றொரு பொருள். மொழி இவ்வாறு ஒன்றாய்ப் பிணைத்துத் தந்த சொற்கள் வாழ்க்கையிலும் ஒன்றாய்க் கூடி நிற்கின்றனவா? விடுமுறை நாளில் வீட்டிலுள்ள அனைவர்க்கும் விடுதலை கிட்டுகின்றதா? ஜோகூர் மாநிலத்துத் தமிழ்க் குடும்பங்களின் வாழ்வை எண்ணிப் பார்ப்போர்க்கு இவ்வினா எழாமற் போகாது.

தோட்டப்புறத்தில் ரப்பர் மரங்கள் செழித்திருந்த காலத்தில், ஓய்வு என்பதை வானமே அளந்து கொடுத்தது. விடியுமுன் எழுந்து பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, உளியும் வாளியுமாய் நிரைக்குச் சென்ற பால்மரத் தொழிலாளிக்கு மழை நாளே வேலையற்ற நாள். மரத்தின் பட்டை நனைந்திருக்கையில் சீவினால், பால் கோட்டின் வழியே மங்கில் வந்து விழாமல் பட்டையெங்கும் பரந்து வழிந்துவிடும். ஆகவே நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை, குடும்பத்தை லயத்து வீட்டுக்குள் ஒன்றாய் அமர்த்தியது. ஆனால் அடுப்பில் உலை ஏற்றுமுன் அரிசிப் பானையை எட்டிப் பார்க்கவும் வைத்தது. நாட்கூலி பெற்றவர்க்கு வேலை இல்லாத நாள் கூலியும் இல்லாத நாளாயிற்று. பள்ளி விடுமுறையோ பிள்ளைகளை நிரைக்கு அழைத்துச் சென்றது. தாய் சீவிச் செல்ல, பின்னே சென்று ஒட்டுப்பால் பொறுக்கிய கைகள் எத்தனை எத்தனை! தீபாவளியும் மாரியம்மன் கோயில் திருவிழாவுமே அம்மக்கள் கண்ட இன்பச் சுற்றுலா. எப்போதேனும் ஓர் ஆண்டில் வாடகைப் பேருந்து பிடித்துக் கோத்தா திங்கி நீர்வீழ்ச்சிக்கோ மெர்சிங் கடற்கரைக்கோ புளிச்சோற்றுடன் சென்று, பொழுது சாயுமுன் திரும்பினால் அதுவே பல ஆண்டுகளுக்குப் பேசும் கதையாயிற்று. துரைமார்களுக்கோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கப்பலேறித் தாயகம் சென்று வரும் நீண்ட விடுப்பும், பிரேசர் மலை, கேமரன் மலை போன்ற குளிர்ந்த வாசத்தலங்களும் இருந்தன.

உழைப்பவனுக்குச் சம்பளத்துடன் ஓய்வு வேண்டும் என்னும் எண்ணம் உலகிலேயே மிகப் பழையதன்று. 1936ஆம் ஆண்டில்தான் பிரான்சு நாடு தன் தொழிலாளர்க்கு ஆண்டுதோறும் இரண்டு வாரச் சம்பள விடுப்பைச் சட்டமாக்கியது. அதன்பின் பல தொழிலாளர் குடும்பங்கள் வாழ்நாளில் முதன்முறையாகக் கடலைக் கண்டன. பன்னாட்டுத் தொழில் அமைப்பும் அதே ஆண்டில் இதற்கென ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றிற்று. மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இன்று வழங்கும் அளவு இது: ஈராண்டுக்குக் குறைவாகப் பணிபுரிந்தோர்க்கு ஆண்டுக்கு 8 நாள், ஐந்தாண்டு வரை 12 நாள், அதற்கு மேல் 16 நாள். பொது விடுமுறை 11 நாள் இதற்குப் புறம்பு. எழுதி வைத்த உரிமை இது. எனினும், இதில் இடம் பெறாத ஒரு தொழிலாளி ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறாள். அவள் பெயர் எந்த வருகைப் பதிவேட்டிலும் இல்லை. ஆகவே அவளுக்கு விடுப்புக் கணக்கும் இல்லை.

தோட்டங்கள் செம்பனைக்கு மாறியும் துண்டாடப்பட்டும் போனபின், தமிழ்க் குடும்பங்கள் மாசாய், ஸ்கூடாய், கூலாய் முதலிய இடங்களின் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தன. பிள்ளைகளுள் பலர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை தேடிக்கொண்டனர். பிழைப்பு உயர்ந்தது, ஆனால் ஓய்வு நாள்கள் சிதறின. 2014ஆம் ஆண்டு சனவரி முதல் நாள்தொட்டு ஜோகூரின் வார விடுமுறை வெள்ளியும் சனியும் ஆயிற்று. சிங்கப்பூரிலோ சனியும் ஞாயிறும். தந்தை இல்லத்தில் இருந்த ஞாயிறன்று பிள்ளைகள் பள்ளியில் இருந்தனர்; பிள்ளைகள் இல்லத்தில் இருந்த வெள்ளியன்று தந்தை அக்கரையில் இருந்தார். சனிக்கிழமை ஒன்றே இரு கரைக்கும் பொதுவாய் நின்றது. அவ்வொரு நாளிலும் வாரமெல்லாம் தேங்கிய வேலைகள் வாயிலில் காத்துக் கிடந்தன. 2024ஆம் ஆண்டு இறுதி வரை, பதினோராண்டுக் காலம், எண்ணற்ற குடும்பங்கள் இவ்வாறே வாழ்ந்தன.

ஸ்கூடாயில் வாழும் ஒரு குடும்பம் இதற்குச் சான்று. ரெங்கம் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் சீவி முதுமையடைந்த பாட்டி, சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் பணிபுரியும் மகன், மருமகள், இரு பேரப்பிள்ளைகள் என ஐவர். அன்று பாட்டி பிரட்டுக்கு எழுந்த அதே நான்கு மணிக்கே இன்று மகனும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடக்க எழுகிறான். அவனுக்கு முன்னே எழுபவள் மருமகள். 2023ஆம் ஆண்டு டிசம்பர் பள்ளி விடுமுறையின்போது கிறிஸ்துமஸ் பெருநாள் திங்கட்கிழமையில் வந்தது. சனி, ஞாயிறு, திங்கள் என மூன்று நாள்கள் ஐவர்க்கும் ஒருசேரக் கிடைத்தன. பல மாதம் சேர்த்த பணத்தைக் கொண்டு டெசாரு கடற்கரை விடுதியொன்றில் இடம் பிடித்தனர்.

டெசாரு, கோத்தா திங்கி மாவட்டத்தில் தென்சீனக் கடலை நோக்கிக் கிடக்கும் நெடிய மணற்கரை. அப்பெயரின் ஈற்றிலுள்ள 'ரூ' என்னும் மலாய்ச் சொல் சவுக்கு மரத்தைக் குறிப்பது. 1972ஆம் ஆண்டு தென்கிழக்கு ஜோகூர் மேம்பாட்டு வாரியம் அமைந்தபின் இவ்வட்டாரம் வளரத் தொடங்கிற்று. 77 கிலோமீட்டர் நீளமுள்ள செனாய்–டெசாரு நெடுஞ்சாலை 2011ஆம் ஆண்டில் முழுமையாகத் திறந்தபின், நகரத்தார்க்கு அக்கடல் அண்மையிலாயிற்று. ஆயினும் இயற்கை பள்ளி நாட்காட்டியைப் பார்த்து நடப்பதில்லை. பிள்ளைகளுக்கு ஆண்டிறுதி விடுமுறை வரும் வேளையும் வடகிழக்குப் பருவக்காற்று கடலைக் கொந்தளிக்கச் செய்யும் வேளையும் ஒன்றே. மெர்சிங்கிற்கு அப்பாலுள்ள தீவுகளின் விடுதிகள் பலவும் அம்மாதங்களில் கதவடைக்கும். 2006ஆம் ஆண்டு டிசம்பரிலும் அடுத்த சனவரியிலும் பெய்த மழை ஜோகூரில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோரை வீடிழக்கச் செய்து நிவாரண நிலையங்களில் தங்கவைத்ததை மக்கள் இன்னும் மறந்திலர்.

அக்குடும்பம் சென்ற மூன்று நாளும் மழையே. கரையில் சிவப்புக் கொடி பறந்தது; கடலில் இறங்க வழியில்லை. பிள்ளைகள் முகம் வாடினர். செலவழித்த பணத்தை எண்ணி மகன் மௌனமானான். பாட்டி மட்டும் தாழ்வாரத்து நாற்காலியில் அமர்ந்து மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பெல்லாம் மழை பேஞ்சா சம்பளம் இல்ல. இப்ப காசு கட்டி மழையப் பாக்குறோம்" என்றாள் அவள்.

மகன் தன்னையறியாமல் சிரித்தான், வீடே சிரித்தது. அதன்பின் பாட்டி பேசத் தொடங்கினாள். மழை நாளில் கஞ்சி காய்ச்சியது, கடையில் கடன் சொன்னது, பள்ளி விடுமுறையில் சிறுவனாயிருந்த இம்மகன் ஒட்டுப்பால் பொறுக்கியது ஆகிய யாவும் பேரப்பிள்ளைகள் அன்றுவரை கேட்டறியாதவை. தந்தையின் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தான் இளையவன். கடலைக் காண வந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டார்கள்.

மருமகளோ முதல் நாள் நான்கு மணிக்கே பழக்கத்தால் விழித்துவிட்டாள். மூட்டுவதற்கு அடுப்பில்லை, கட்டுவதற்குச் சோற்றுப் பொட்டலம் இல்லை. என்ன செய்வதென்று அறியாமல் இருட்டில் சிறிது நேரம் அமர்ந்திருந்து மீண்டும் படுத்தாள். மூன்றாம் நாள் எட்டு மணி வரை உறங்கினாள். "எழுப்பாதீங்கடா, தூங்கட்டும்" என்று பிள்ளைகளை அடக்கினாள் மாமியார். திருமணமாகிப் பதினைந்து ஆண்டுகளில் அவளுக்கு வாய்த்த முதல் விடுமுறை அதுவே என்பது அப்போதுதான் அவள் கணவனுக்குப் புலப்பட்டது.

அறையைத் துப்புரவு செய்ய வந்த அயல்நாட்டு இளைஞனிடம், எப்போது ஊருக்குப் போவாய் என்று பாட்டி தன் தோட்டத்து மலாய் மொழியில் கேட்டாள். இரண்டாண்டு கழித்து என்றான் அவன். பெருநாள் காலத்தில்தான் விடுதிக்கு வேலை மிகுதி. ஆகவே பெருநாளில் அவனுக்கு ஓய்வில்லை. கடல் கடந்து வந்து பிறர் மண்ணில் உழைத்த ஒரு தலைமுறையின் மகளுக்கு அவ்விடை புதிதன்று. விரிப்பின் மறுமுனையைப் பிடித்து மடித்துக் கொடுத்தாள் அவள்.

அடுத்த ஆண்டு, 2024 அக்டோபர் 31ஆம் நாள் வந்த தீபாவளிக்கு அவ்வீட்டில் முறுக்குப் பிழிந்தவர்கள் தந்தையும் மூத்த மகனும். வட்டங்கள் கோணலாயின, சில கருகின. உறவினர் கேலி செய்தனர். எனினும் அவ்வாண்டு பெருநாள் காலையில் மருமகளும் புத்தாடையுடன் கூடத்தில் அமர்ந்து வந்தோரை வரவேற்றாள்.

2025ஆம் ஆண்டு சனவரி முதல் ஜோகூரின் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறாக மாறியது. இரு கரையின் நாள்களும் ஒன்றாயின. நாள்களை ஒன்றாக்க அரசாணை போதும். சுமைகளைப் பகிர்ந்துகொள்ள வீட்டிலுள்ளோரின் மனம் வேண்டும். மனையைக் குறிக்கும் வீடும் விடுதலையைக் குறிக்கும் வீடும் ஒரே சொல் என்று மாணவர்க்குக் கற்பிப்பது எளிது. தாய்க்கும் அது ஒரே சொல்லாகும்படி வாழ்வது அரிது. அவ்வரிய செயல் தொடங்குமிடம் கடற்கரை விடுதியன்று. அவரவர் வீட்டு அடுப்படியே.