வைரவன் காட்டிய லோதி காலனி

தலைநகரில் குடியேறி வாழும் நம்மவருள் பலருக்குத் தில்லி என்பது நான்கு இடங்களே: அலுவலகம், பிள்ளைகளின் பள்ளி, இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர், எப்பொழுதேனும் தமிழ்ச் சங்கம். இவற்றுக்கு இடைப்பட்ட ஊரெல்லாம் பேருந்தின் சாளரத்தில் ஓடி மறையும் காட்சியாகவே நின்றுவிடுகிறது. லோதி காலனியை அடுத்து ஒன்பது ஆண்டுகளாக வாழும் எம் குடும்பத்திற்கும் அவ்வாறே இருந்தது. அப்பகுதியை எமக்கு முறையாக அறிமுகம் செய்துவைத்தது ஒரு நாய்க்குட்டி.

டிபென்ஸ் காலனி மேம்பாலத்தின் கீழ் 1979-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் பிரெண்டிகோஸ் என்னும் காப்பகத்திலிருந்து, கார்த்திகை மாதத்தில், இரண்டு திங்கள் நிரம்பிய கருநிறக் குட்டியொன்றைக் கொணர்ந்தோம். அது நாட்டு நாய்தான். பனிநாட்டு இனங்களைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கி, சித்திரை வெயிலில் அவை இளைத்து வாடுவதைப் பார்த்திருப்போர் நாட்டுக் குட்டியின் அருமையை அறிவர். எம் புதல்வி அதற்கு வைரவன் என்று பெயரிட்டாள். ஊரிலிருந்து வந்திருந்த எம் தாயார், "வாசலோடு இருக்கட்டும்; நடுவீட்டுக்குள் வரலாகாது" என்று கட்டளை பிறப்பித்தார். இரண்டாம் மாடிக் குடியிருப்பில் வாசல் ஏது? பால்கனியே வாசலாயிற்று. தை பிறந்து குளிர் முற்றியபோது, அவரே தம் பழைய சேலையொன்றை நான்காக மடித்து உள்ளே விரித்துப் போட்டார்.

தடுப்பூசிகள் முடியும்வரை குட்டியை வெளித்தரையில் விடலாகாது என்று மருத்துவர் கூறினார். பார்வோ என்னும் நோய்க்கிருமி மண்ணில் நெடுநாள் உயிரோடிருந்து குட்டிகளை மாய்க்க வல்லது. வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி மூன்றாம் திங்களில் போடப்படுகிறது. ஆகையால் முதற்சில வாரங்கள் வைரவன் எம் தோட்பையிலிருந்து தலையை மட்டும் நீட்டியபடி வீதியுலா வந்தான். குழந்தையைத் தூக்கிச் செல்பவரைப் போலவே, நாய்க்குட்டியைத் தூக்கிச் செல்பவரையும் வீதி நிறுத்திப் பேசுகிறது.

லோதி காலனி 1940-களில் அரசு ஊழியர்க்கென எழுப்பப்பட்டது. ஆங்கிலேயர் புதுதில்லியில் கட்டிய கடைசிக் குடியிருப்புப் பகுதி என்பர். உயர்ந்த வளைவு வாயில்களும், உள்முற்றங்களும், நிழல் தரும் மரங்களும் அதன் சிறப்புகள். கடந்த பத்தாண்டுகளில் அதன் நெடுஞ்சுவர்களில் உள்நாட்டு, வெளிநாட்டு ஓவியர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெரும் ஓவியங்களைத் தீட்டியுள்ளனர். யாம் அவ்வழியே நூறு முறை சென்றிருக்கிறோம். ஆயினும் ஒவ்வொரு சுவரின் அடியிலும் குட்டி முகர்ந்து நின்ற பொழுதுதான் அவ்வோவியங்களை நிமிர்ந்து பார்க்க எமக்கு நேரம் கிடைத்தது.

அருகில் மெஹர்சந்த் அங்காடி உள்ளது. தேசப் பிரிவினைக்குப்பின் அகதிகளாக வந்தோர்க்கென அமைந்தது. மறுவாழ்வு அமைச்சராயிருந்த மெஹர்சந்த் கன்னாவின் பெயரைத் தாங்கி நிற்பது. இப்பொழுது நாகரிகக் கடைகள் பெருகிவிட்டன. எனினும் தேநீர் அருந்தும் இடங்களில் வெளியே இருக்கை உள்ளவற்றில் நாயோடு அமர்வதை எவரும் தடுப்பதில்லை. அங்கேதான் பெரியவர் ஒருவர் எமக்குப் பழக்கமானார். பிரிவினையின்போது தம் தந்தையார் இலாகூரிலிருந்து வந்த கதையை, வைரவனின் காதைத் தடவியவாறே மூன்று மாலைகளில் சொல்லி முடித்தார். எம் குட்டியின் பெயரைக் கேட்டதும், "ஓ, பைரோன்!" என்று கைகூப்பினார்.

பைரவர் என்பது அவர்களுக்கு விளங்கிய பெயர். பழைய கோட்டையான புரானா கிலாவின் மதிலையொட்டிப் பைரவர்க்கு இரு கோயில்கள் உள்ளன. மெட்ரோ இரயிலில் செல்லப் பிராணிகளுக்கு அனுமதி இல்லாமையால், ஒரு ஞாயிறன்று ஆட்டோவில் வைரவனையும் ஏற்றிக்கொண்டு அங்குச் சென்றோம். வாகனமாகிய நாய்க்கு அங்கே தனி மதிப்பு. படியோரத்தில் படுத்திருந்தவற்றை மிதிக்காமல் ஒதுங்கி நடந்தனர் அடியார்கள். அக்கோட்டை மேடே பாண்டவரின் இந்திரப்பிரத்தம் என்பது செவிவழி மரபு. தன்னைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்த தருமன் ஆண்ட இடம் இது என்று புதல்விக்கு எம் தாயார் எடுத்துரைத்தார். நம் ஊர் வைரவர் சந்நிதியும் தில்லிக் கோட்டையும் அவ்வமயம் ஒரே கதையில் வந்து சேர்ந்தன.

தடுப்பூசிகள் முடிந்ததும் லோதித் தோட்டத்திற்கு நடை தொடங்கியது. எட்டுக்கோண வடிவில் அமைந்த முகம்மது ஷாவின் கல்லறையும், 1517-இல் மறைந்த சிக்கந்தர் லோதியின் கல்லறையும், பெரிய கும்மட்டமும் இங்கே உள்ளன. 1936 ஏப்ரல் 9-ஆம் நாள் லேடி வில்லிங்டன் பூங்கா என்ற பெயரில் திறக்கப்பட்டு, விடுதலைக்குப்பின் லோதித் தோட்டமாயிற்று. 1968-இல் ஜோசப் ஸ்டைன் முதலானோர் இதனைத் திருத்தியமைத்தனர். காலையில் உயரினத்தன முதல் நாட்டுக் குட்டிகள் வரை நாய்கள் அணிவகுக்கின்றன. நாயை வாரில் பிடித்தே நடத்தல் வேண்டும். தோட்டத்திலேயே வாழும் தெருநாய்களும் உண்டு. மார்கழியில் அவற்றுக்குச் சட்டை தைத்து அணிவித்திருந்த அன்பர்களைக் கண்டோம்.

எனினும் எல்லாம் இனிமையே என்று எழுதிவிட்டால் அது உண்மையாகாது. எம் குடியிருப்பில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைத் தெருநாய் கடித்துவிட்டது. அதன்பின் அவன் மாலையில் விளையாட இறங்குவதில்லை. "பிள்ளைகள் வேண்டுமா, நாய்கள் வேண்டுமா?" என்று அவன் அன்னை எம்மை நோக்கி வினவியபோது வைரவன் எம் காலடியில் அமர்ந்திருந்தான். அவ்வம்மையின் கேள்வி அநியாயமானதன்று.

இதே கேள்வி 2025-இல் உச்சநீதிமன்றத்தின் முன்னும் நின்றது. ஆகஸ்டு 11-ஆம் நாள் தில்லி வட்டாரத் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு ஆணை பிறந்தது. ஆகஸ்டு 22-ஆம் நாள் மூவர் அமர்வு அதனைத் திருத்தியது: வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும், உணவிடுதற்குத் தனி இடம் குறிக்க வேண்டும். நவம்பர் 7-ஆம் நாள் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் முதலியவற்றிலிருந்து நாய்களை அகற்றுமாறு மேலும் ஓர் ஆணை வந்தது. நாய்மேல் அன்பு கொண்டோரும் அச்சங்கொண்டோரும் வழக்காடியது இத்தெருக்களைப் பற்றியே.

இவ்விடத்தில் நம்மவர் நினைவுகூரத்தக்கவர் ஒருவர் உளர். மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் 1952-இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகி, விலங்குவதைக்கு எதிராக மசோதா கொணர்ந்தார். அம்முயற்சியின் பயனாக 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

எம் குடியிருப்பில் என்ன நடந்தது? குடியிருப்போர் கூடிப் பேசினர். விளையாட்டுத் திடலுக்குத் தொலைவில், பின்சுவரோரம் உணவிடும் இடம் குறிக்கப்பட்டது. காதில் வெட்டுக்குறி இல்லாத நாய்கள், கருத்தடை ஆகாதவை என்று கண்டறியப்பட்டு நகராட்சிக்கு அறிவிக்கப்பட்டன. கடி நேர்ந்தால் உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும் என்ற அறிவிப்பு இந்தியிலும் தமிழிலும் ஒட்டப்பட்டது. தமிழ் எழுத்து எம் புதல்வியுடையது. அச்சிறுவன் இன்னும் நாயைத் தொடுவதில்லை, ஆயினும் பத்தடி தொலைவில் நின்று, "இன்று பைரோன் என்ன தின்றது?" என்று கேட்கிறான்.

குட்டி வளர்க்க எண்ணும் அன்பர்க்குச் சில குறிப்புகள். கோடையில் சூரியன் ஏறுமுன் நடத்துக; தாரைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்த்துவிட்டு நாயை இறக்குக. கழிவை அள்ளக் காகிதமும் பையும் கொண்டு செல்க. நகராட்சியில் பதிவு செய்து, தடுப்பூசிச் சான்றைப் பத்திரப்படுத்துக. ஊருக்கு எப்படி அழைத்துச் செல்வது என்பது, இரயில்வே எழுத்தராகிய எம்மிடம் பலரும் வினவுவது. முதல்வகுப்புக் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் அறை முழுவதையும் எடுத்தால் உடன் கொண்டு செல்லலாம். இன்றேல் கார்டு வண்டியிலுள்ள நாய்க்கூண்டில் பார்சல் அலுவலகம் வழியாகப் பதிந்து அனுப்பலாம். மற்ற வகுப்புகளில் அனுமதி இல்லை.

முன்பு எம்மை "மதராசிக்காரர்" என்று சுட்டிய தெரு, இப்பொழுது "பைரோன் வீட்டார்" என்கிறது. ஞாயிறுதோறும் காலை ஆறரை மணிக்கு லோதித் தோட்டத்தின் எட்டுத்தூண் பாலத்தருகே இருப்போம். குட்டி உடைய அன்பர்களும், குட்டி இல்லாத அன்பர்களும் வருக. நாய்க்கு அஞ்சும் பிள்ளைகளையும் அழைத்து வருக. அவர்கள் வேண்டும் தொலைவில் நிற்கலாம், வைரவன் வாரிலேயே இருப்பான்.