பச்சைக் கம்பி எங்கே போகிறது?



வீடு கட்டுகின்ற குடும்பத்தார் கொத்தனாரைத் தேர்ந்தெடுப்பதற்குப் பத்துப் பேரிடம் விசாரிக்கிறார்கள். நிலைக்கும் கதவுக்கும் மரம் பார்க்க ஊர் ஊராக அலைகிறார்கள். தரைக்குப் பதிக்கும் கல்லைத் தடவிப் பார்த்து, தட்டிப் பார்த்து, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குப் படம் அனுப்பிச் சம்மதம் கேட்டு வாங்குகிறார்கள். ஆனால், மின்சார வேலைக்கு வருகின்றவரிடம் நாம் கேட்பவை இரண்டே கேள்விகள்தாம். "பாயிண்டுக்கு எவ்வளவு?" "எப்பொழுது முடித்துத் தருவீர்கள்?"

மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. "இந்த வேலையைச் செய்வதற்கான சான்றிதழ் உங்களிடம் இருக்கிறதா?" இதைக் கேட்க நமக்கு நா எழுவதில்லை. வருகின்றவர் பெரும்பாலும் தெரிந்த வீட்டுப் பிள்ளை. கேட்டால் முகம் வாடிவிடும் என்று தயங்குகிறோம். ஆண்மக்கள் பிழைப்புக்காகக் கடல் கடந்து போய்விட்ட வீடுகளில், வேலையை நின்று கவனிக்கின்ற பொறுப்பு முழுவதும் பெண்கள் தலையில் விழுகிறது. அவர்களுக்கோ இப்படி ஒரு சான்றிதழ் இருப்பதையே யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

இதை எழுதுகின்ற நான் மதரஸாவில் பாடம் சொல்லிக் கொடுப்பவன். கல்லூரியில் நான் படித்தது வரலாறு, மின்னியல் அன்று. ஆயினும், நம் வீட்டைக் காப்பதற்காக எழுதப்பட்ட சட்டத்தைப் படித்துப் புரிந்துகொள்ள மின்பொறியாளராக இருக்க வேண்டியதில்லை அல்லவா?

1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதி இதைப் பற்றிப் பேசியது. பின்னர் 2010-லும், மறுபடி 2023-லும் மத்திய மின்சார ஆணையம் புதிய பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. எண்கள் மாறினவே தவிர, இந்த விதியின் சாரம் மாறவில்லை. அது வீட்டுக்காரருக்கும் தொழிலாளிக்கும் இடையே தெளிவாக ஒரு கோடு போடுகிறது. எரிந்துபோன விளக்கு, பழுதான மின்விசிறி, உருகிய ஃபியூஸ், உடைந்த சுவிட்ச் ஆகியவற்றை எடுத்துவிட்டு அதே வகையில் வேறொன்றைப் பொருத்துவதற்கு உரிமம் தேவையில்லை. மின்னமைப்பின் கொள்ளளவும் தன்மையும் மாறாதிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. அதற்கு அப்பால், புதிதாகக் கம்பி இழுப்பதோ, பாயிண்ட் கூட்டுவதோ, பழைய வயரிங்கைத் திருத்துவதோ எதுவாயினும், மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே செய்ய வேண்டும். தகுதிச் சான்றிதழ் பெற்ற ஒருவரின் நேரடி மேற்பார்வை அதற்கு இருக்க வேண்டும். கம்பியைத் தொடுகின்ற தொழிலாளியும் அனுமதி பெற்றவராக இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இவற்றை வழங்குவதற்கென்றே மின் உரிமம் வழங்கும் வாரியம் ஒன்று இருக்கிறது. ஒப்பந்தக்காரருக்கு உரிமம், மேற்பார்வையாளருக்குத் தகுதிச் சான்றிதழ், மின்கம்பியாளருக்கு ஒன்று, அவருடைய உதவியாளருக்கு ஒன்று எனப் படிப்படியாக அது வகுத்து வைத்திருக்கிறது.

"இவ்வளவு கெடுபிடி எதற்கு? விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, அது போதாதா?" என்று சிலர் கேட்கலாம். போதாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் செய்தி.

சமையலில் உப்புக் கூடினால் நாக்கு சொல்லிவிடும். தையல் கோணலாகப் போனால் கண் கண்டுகொள்ளும். மின்சார வேலையில் மட்டும், மிகவும் ஆபத்தான பிழைகள் வெளியே தெரிவதே இல்லை. சுவிட்சை ஃபேஸ் கம்பியில் வைக்காமல் நியூட்ரல் கம்பியில் வைத்துவிட்டாலும் விளக்கு எரியும். சுவிட்சைப் போட்டால் எரியும், அணைத்தால் அணையும். ஆனால், அணைத்த பிறகும் விளக்கு மாட்டும் ஹோல்டரில் 230 வோல்ட் காத்திருக்கும். பல்பு மாற்ற ஏறுகின்றவர் அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில்தான் கை வைப்பார். அதுபோலவே, பச்சை நிற எர்த் கம்பியை எங்கும் இணைக்காமல் சுவிட்ச் பெட்டிக்குள்ளேயே சுருட்டி வைத்துவிட்டாலும் குளிர்பதனப் பெட்டி ஓடும், சலவை இயந்திரம் சுற்றும். அந்தக் கம்பிக்கு அன்றாடம் வேலையில்லை. கருவியின் உள்ளே பழுது ஏற்பட்டு, அதன் இரும்பு உடலில் மின்சாரம் பாய்கின்ற அந்த ஒரு நாளில்தான் அதற்கு வேலை வரும். அன்றைக்கு அது இல்லையென்றால், அதன் வேலையை நம் உடல் செய்ய நேரிடும்.

எங்கள் மதரஸாவில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளைகள் ஒளுச் செய்யும் இடத்தின் அருகே, குளிர்ந்த குடிநீர் தரும் இயந்திரம் ஒன்றை வைத்திருந்தோம். ஒரு நாள் சிறுவன் ஒருவன் ஓடிவந்து, "ஹஜ்ரத், தண்ணி மிஷின் கடிக்குது" என்றான். ஈரக் காலோடு அதைத் தொட்டிருக்கிறான். உடனே பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, வயரிங் செய்த இளைஞரைப் பற்றி நிர்வாகக் குழுவில் பேச்செடுத்தேன். பொருளாளர் வயதில் மூத்தவர். அவர் சங்கடப்பட்டார். "நம்ம பிள்ளைதானே ஹஜ்ரத், பதினைந்து வருஷமா இந்த ஊர்ல அவன் செய்யாத வேலையா? அவன்கிட்ட போய்ச் சான்றிதழ் கேட்கிறதா?" என்றார். "அவரைக் குற்றம் சொல்லவில்லை காக்கா. இணைப்பு வாங்கும்போது ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பாரே, அவரை ஒருமுறை வரச் சொல்லுங்கள்" என்றேன்.

இணைப்புக் கேட்டபோது கொடுத்த சோதனை அறிக்கையைத் தேடி எடுத்தோம். அதில் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் ஒருவரின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. அவர் வந்தார். வாசலில் நின்று, "இந்தக் கட்டடம் எந்தத் தெரு என்றே இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்" என்று சொன்னார். அதைச் சொல்கையில் அவர் தலை நிமிரவில்லை.

அவர் சோதித்தபோது உண்மை தெரிந்தது. எர்த் கம்பியைத் தனியாகக் குழி தோண்டிப் புதைக்காமல், அருகே ஓடிய இரும்புத் தண்ணீர்க் குழாயில் சுற்றிக் கட்டியிருந்தார்கள். சில காலம் அந்தக் குழாய் மண்ணுக்குள் மின்சாரத்தை எடுத்துச் சென்றது. பிறகு துருப்பிடித்த குழாயை மாற்ற வந்த தொழிலாளி, மண்ணுக்கடியில் பிளாஸ்டிக் குழாயைப் போட்டுவிட்டுப் போனார். அவர் தம் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். மேலே ஒட்டிக்கொண்டிருந்த பச்சைக் கம்பி எதற்கென்று அவருக்கு எப்படித் தெரியும்? அன்று முதல் எங்கள் கட்டடத்தில் எர்த் என்பது பெயரளவில்கூட இல்லை. தண்ணீர் மட்டும் தடையின்றி வந்துகொண்டிருந்தது.

வாசகர்களே, இதில் கையில் திறமை இருந்தவரிடம் தாள் இல்லை. தாள் வைத்திருந்தவர் வேலையைப் பார்க்கவே இல்லை. இந்த இரண்டும் ஒன்று சேர்ந்ததால்தான் பிள்ளைகளின் உயிர் ஊசலாடியது. சட்டத்தில் "நேரடி மேற்பார்வை" என்று எழுதியிருப்பது அழகுக்காக அன்று. கூலிக்குக் கையெழுத்துப் போடுகின்ற வழக்கம் இருக்கும்வரை, அந்தச் சொல் காகிதத்தோடு நின்றுவிடும். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் மட்டுமா அமானிதம்? பார்க்காத வேலைக்கு "பார்த்தேன்" என்று இடுகின்ற கையெழுத்தும் அமானிதத்துக்குச் செய்யும் மோசடியே ஆகும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, நம் நாட்டில் அண்மை ஆண்டுகளில் மின்சாரம் தாக்கி ஆண்டுக்கு 10,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் வீட்டுக்குள் இறந்தவர்கள் அல்லர். ஆயினும், சோதனை என்பதை நாம் எவ்வளவு இலேசாக எடுத்துக்கொள்கிறோம் என்பதற்கு இந்த எண்ணிக்கை சாட்சி சொல்கிறது.

பிற நாடுகள் இதே கேள்வியை எப்படித் தீர்த்திருக்கின்றன என்று பார்ப்பதும் பயனுள்ளது. ஆஸ்திரேலியாவில் சுவருக்குள் ஓடும் நிலையான வயரிங்கில் உரிமம் இல்லாதவர் கை வைக்கவே கூடாது. நியூசிலாந்தில் வீட்டுக்காரர் தம் வீட்டு வயரிங் வேலைகள் சிலவற்றைத் தாமே செய்துகொள்ளலாம். ஆனால், மின்சாரம் கொடுப்பதற்கு முன் உரிமம் பெற்ற ஆய்வாளர் வந்து சோதித்தாக வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஜனவரி முதல் வீட்டு மின் வேலை கட்டட விதிகளுக்குள் கொண்டுவரப்பட்டது. பதிவு பெற்ற தொழிலாளி தம் வேலைக்குத் தாமே சான்று அளிக்கலாம். மற்றவர்கள் முன்கூட்டியே அறிவித்துச் சோதனைக்கு உட்பட வேண்டும். சிறு வேலைகளுக்கும் இந்தத் தொல்லையா என்ற முணுமுணுப்பு எழுந்த பின், 2013-இல் இங்கிலாந்து அந்தப் பட்டியலைக் குறைத்தது. அப்போதும் புதிய சுற்று இழுப்பதையும், மெயின் பெட்டி மாற்றுவதையும், குளியலறையில் குளிக்கும் இடத்தையொட்டிச் செய்யும் கூடுதல் வேலைகளையும் பட்டியலில் இருந்து நீக்கவில்லை.

இவற்றுள் எது சிறந்தது என்பதைச் சட்டம் அறிந்தோர் விவாதிக்கட்டும். நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். வேலை செய்வது யார் என்பதில் அந்நாடுகள் வேறுபடுகின்றன. செய்த வேலைக்குத் தகுதியுள்ள ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதில் அவை வேறுபடவில்லை.

அப்படியானால், சான்றிதழ் இல்லாமல் உழைத்துப் பிழைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளை விரட்டிவிடுவதா? கூடவே கூடாது. அவர்களுள் பலர் பட்டறிவில் சிறந்தவர்கள். தொழிற்பயிற்சி நிலையத்தில் முழுநேரம் படிக்க வாய்ப்பில்லாமல், வயரிங் தொழிலில் பல ஆண்டுகள் உழைத்து அனுபவம் பெற்றவர்களுக்காகவே மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்றை அரசு நடத்துகிறது. செய்தித்தாளில் ஒரு மூலையில் அறிவிப்பு வரும். கண்ணில் படாமலே போய்விடும். நம் ஜமாஅத்தார் அதைக் கவனித்துச் சொல்லி, விண்ணப்பம் எழுத உதவி, தேர்வுக் கட்டணத்தையும் கட்டினால் அது பெரிய உபகாரம். எங்கள் மதரஸாவில் வயரிங் செய்த இளைஞர் அப்படித்தான் தேர்வு எழுதினார். அவர் பொருட்டு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தவர், சான்றிதழ் கேட்கத் தயங்கிய அதே பொருளாளர்தான். புதிய எர்த் குழியும் அவர் கையாலேயே, ஒப்பந்தக்காரர் அருகில் நிற்கத் தோண்டப்பட்டது.

இனி, நம் வீட்டளவில் செய்யக்கூடியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். வேலை பேசும்போதே உரிம எண்ணைக் கேளுங்கள். கையெழுத்துப் போடுபவர் நேரில் வர வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். சுவரைப் பூசி மூடுவதற்கு முன் அவர் ஒருமுறை வரட்டும். முடிந்தபின் 500 வோல்ட் மெக்கர் கருவியால் காப்புத் தடையைச் சோதிக்கட்டும். அது 1 மெகா ஓமுக்குக் குறையக்கூடாது. எர்த் குழியையும் அளந்து, அளவை எழுதித் தரட்டும். மெயின் பெட்டியில் எம்.சி.பி. இருக்கிறதே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அது கம்பியைக் காப்பது. மனிதரைக் காப்பதற்காக வந்ததன்று. 16 ஆம்பியரில் விழும் எம்.சி.பி., ஓர் உயிரைப் போக்கும் அளவுக்குச் சிறிய மின்கசிவைக் கண்டுகொள்ளாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி தனியே வேண்டும். அது எர்த்துக்கு மாற்று அன்று, துணை. அதில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். அவ்வப்போது அதை அழுத்துங்கள். மின்சாரம் நின்றால் கருவி உயிரோடு இருக்கிறது என்று பொருள். மூன்று முனைப் பிளக்கின் பெரிய முனையை, பொருந்தவில்லை என்று வெட்டி எறிகின்ற வழக்கத்தையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

சகோதரிகளே, வேலைக்கு வருகின்ற பிள்ளையிடம் கடுமையாகப் பேச வேண்டியதில்லை. ஒரு குவளை தேநீரை நீட்டிக்கொண்டே, "தம்பி, இந்தப் பச்சைக் கம்பி எங்கே போகிறது, காட்டுங்கள்" என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் உங்களை அழைத்துப்போய் மண்ணில் அது இறங்குகின்ற இடத்தைக் காட்டுவார். காட்ட முடியாதவரிடம் மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், உரிமம் பெற்றவரை ஒருமுறை அழைத்துவிடுங்கள்.