உட்கார இடமில்லாத காதல்

வசந்தபாலன் இயக்கி, ஜெயமோகன் வசனம் எழுதிய 'அங்காடித் தெரு' 2010 மார்ச்சில் வெளிவந்தது. அதை அண்மையில் சென்னீர்குப்பத்தில் நண்பர்கள் சிலர் கூடி மறுபடியும் பார்த்தோம். வெளிவந்த காலத்தில் எங்களுக்கு அது தியாகராய நகர் ரங்கநாதன் தெருவின் படம். பண்டிகைக்குப் புடவை எடுக்கப் போய்வரும் தெருவைப் பற்றியது, அவ்வளவே. இப்போதோ அது பூந்தமல்லி வரை வந்துவிட்டதாகத் தோன்றியது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறோம். பள்ளியில் நன்றாகப் படித்த ஜோதிலிங்கம், ஆளில்லாத ரயில்வே கடவில் தந்தை இறந்துபோக, தென்மாவட்டக் கிராமத்திலிருந்து சென்னையின் பெரிய ஜவுளிக்கடை ஒன்றுக்கு வேலைக்கு வருகிறான். அங்கே ஏற்கெனவே வேலை செய்பவள் கனி. சண்டையில் தொடங்கும் பழக்கம் காதலாகிறது. கடைக்குள் காதலுக்குத் தடை. வேறொரு ஜோடியின் கடிதம் பிடிபட்டு, பயத்தில் அவன் அவளை மறுத்துவிட, அந்தப் பெண் மாடியிலிருந்து குதித்து இறக்கிறாள். ஜோதியும் கனியும் ஓர் இரவு கடைக்குள்ளேயே இருந்துவிட்டது கேமராவில் பதிவாகி, அடித்து வெளியேற்றப்படுகிறார்கள். நடைபாதையில் படுத்திருக்கும்போது வண்டி ஏறி, கனி கால்களை இழக்கிறாள். ஜோதி அவளையே மணக்கிறான்.

இந்த முடிவைப் பற்றி எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. பார்வையாளனை அழவைப்பதற்கென்றே வரவழைக்கப்பட்ட விபத்து என்றார் ஒரு நண்பர். அதில் உண்மை இல்லாமலில்லை. பின்னணி இசையின் உரத்த அழுகையும் அதற்குத் துணைபோகிறது. ஆனால் அவர்கள் நடைபாதைக்கு எப்படி வந்தார்கள் என்று பின்னோக்கிப் பார்த்தால், விபத்துக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது தெரியும். வேலை தந்தவரே சோறும் போடுகிறார். படுக்க இடமும் அவருடையது. எனவே வேலை போன அன்றே பாயும் போய்விடுகிறது. சம்பளக் குறைவு வறுமையின் ஒரு பாதிதான். தன் உழைப்பை வாங்குபவரின் கையிலேயே தன் தூக்கமும் இருப்பது மறுபாதி. படம் இதை எங்கும் பிரசங்கமாகச் சொல்லாமல், காட்சிகளின் வரிசையிலேயே வைத்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனித்தோம். இந்தக் காதலர்கள் உட்கார்ந்து பேசும் நேரம் மிகக் குறைவு. துணி அடுக்குகளுக்கிடையே, படிக்கட்டில், சாப்பாட்டுக்கான சில நிமிடங்களில், நின்றபடியோ நடந்தபடியோதான் காதலிக்கிறார்கள். நாள் முழுதும் நின்ற பெண்ணிடமிருந்து கடைசியில் கதை பறிப்பது கால்களை. இயக்குநர் எண்ணி வைத்தாரோ இல்லையோ, எங்களுக்கு அது தற்செயலாகப் படவில்லை.

கடைச் சிப்பந்திகள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் 2021 செப்டம்பரில் திருத்தம் நிறைவேற்றியது. 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் அந்த ஒரு முக்காலி இடம்பெற எழுபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. கேரளம் 2018இலேயே அதைச் செய்திருந்தது. மனிதர் உட்காரலாம் என்பதற்கே சட்டம் தேவைப்பட்டது என்பதைப் படித்தபோது வெட்கமும் நிம்மதியும் சேர்ந்தே எழுந்தன.

அதே ஆண்டு டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துச் செல்பேசித் தொழிற்சாலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள், பூந்தமல்லி அருகே தங்கியிருந்த விடுதியில் கெட்டுப்போன உணவால் நோயுற்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளின் நிலை தெரியாமல் மற்றவர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். நாள்தோறும் நாம் கடந்துபோகும் சாலை அது. அன்று வண்டிகள் நின்றன. எங்களில் பலருக்கு அந்த விடுதிகள் இருப்பதே அன்றுதான் தெரியவந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதி திறக்கப்பட்டது. கட்டில் நல்லதாகியிருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனாலும் அந்தக் கட்டில் வேலையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும் வரை, கனியின் அச்சம் முற்றிலும் நீங்கிவிடுமா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

எங்கள் ஊரின் ஆவடி சாலையில், ஷிப்ட் முடிந்து இறங்கும் இளம்பெண்களில் எவளேனும் ஒருத்தி, எவனேனும் ஒருவனோடு பத்து நிமிடம் நின்று பேசுவதுண்டு. கடந்துபோகிறவர்கள் முகம் சுளிப்பதும் உண்டு. இவ்வளவு பெரிய நகரத்தில் அவர்களுக்கு வேறு எங்கே இடம் இருக்கிறது? விடுதிக்கு நேரக் கட்டுப்பாடு, அறையில் ஆறேழு பேர், ஊரில் சாதி. காதலைப் பற்றி நம் திரைப்படங்கள் எத்தனையோ பாடிவிட்டன. அதற்கு ஒரு திண்ணையாவது வேண்டும் என்று சொன்னவை மிகச் சில. 'அங்காடித் தெரு' அவற்றில் ஒன்று. குறைகளோடும் அது நம்மோடு தங்குவதற்குக் காரணம் அதுவே என்று நம்புகிறோம்.