நூறு பேர் கட்டிய சுவர்

ஓபரா பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கதாநாயகி கடைசியில் செத்துப் போவாள். சாவதற்கு முன்னால் பத்து நிமிஷம் விடாமல் பாடுவாள்.

இந்த ஞானத்தோடு நான் இத்தாலியில் மச்சேராத்தா என்ற மலையூரில் போய் இறங்கியதற்குக் காரணம், ஆபீஸ். அங்கோனா துறைமுகத்தில் மூன்று நாள் மீட்டிங். வெள்ளிக்கிழமை மத்தியானமே முடிந்துவிட்டது. ஞாயிறு வரை ஃப்ளைட் இல்லை. "ரூமில் உட்கார்ந்து என்ன பண்ணப் போகிறீர்கள்? பக்கத்தில் ஓபரா நடக்கிறது, போய்ப் பாருங்கள்" என்றார்கள். தட்ட முடியவில்லை.

ஏட்ரியாட்டிக் கடலோரமாக ரயில். சிவித்தநோவாவில் இறங்கி, சின்ன ரயிலுக்கு மாறினால் மச்சேராத்தா. ஸ்டேஷன் அடிவாரத்தில், ஊர் தலைக்கு மேலே, 300 மீட்டர் உயரத்தில். சுமார் 40,000 பேர் வசிக்கும் ஊர் என்று படித்திருந்தேன். நான் போன நேரத்தில் ஒரு பூனைதான் வரவேற்றது. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுத் தூங்குவதை இத்தாலியர்கள் ஒரு மதம் மாதிரி அனுசரிக்கிறார்கள்.

செங்கல் வீடுகள், செங்கல் சந்துகள். சந்து முடிகிற இடத்தில் சட்டென்று ஊர் முடிந்துவிடும். ஒரு பக்கம் சூரியகாந்தி வயல், தூரத்தில் கடல்கோடு. மறுபக்கம் நீலமாக சிபில்லீனி மலைத்தொடர். 1290-ல் ஆரம்பித்ததாகச் சொல்லிக்கொள்ளும் யூனிவர்ஸிட்டி ஒன்று. நடு சதுக்கத்தில் ஒரு கோபுரக் கடிகாரம். மணி மட்டுமில்லை, கிரகங்கள் எங்கே இருக்கின்றன என்றும் காட்டும். 1571-ல் வைத்தது. இப்போது ஓடுவது 2015-ல் பொருத்திய நகல்.

நமக்கும் இந்த ஊருக்கும் மெல்லிய உறவு உண்டு. 1552-ல் இங்கே பிறந்த மத்தேயோ ரிச்சி என்ற ஏசுசபைப் பாதிரியார் 1578-ல் கோவாவுக்குக் கப்பலேறி வந்தார். கொச்சியில் 1580-ல் குருப்பட்டம் வாங்கிக்கொண்டு சீனாவுக்குப் போனார். சீன மொழி கற்று, சீனர்களுக்கு உலக வரைபடம் போட்டுக் கொடுத்து, 1610-ல் பெய்ஜிங்கில் காலமானார். இவ்வளவு தூங்கும் ஊரில் இவ்வளவு சுற்றிய மனுஷன்.

சாப்பாட்டுக்கு 'வின்சிஸ்கிராஸி' என்று ஏதோ அடுக்கடுக்காக வந்தது. இந்த ஊர் ஸ்பெஷல். "இதில் மாமிசம் இல்லையே?" என்று கேட்டேன். "ஐயோ, இல்லவே இல்லை. வெறும் கோழி ஈரல்தான்" என்றார் சர்வர். பிரெட்டும் தக்காளியும் சாப்பிட்டேன்.

ஓபரா நடக்கும் இடத்தின் பெயர் ஸ்ஃபெரிஸ்தேரியோ. வெளியிலிருந்து பார்த்தால் பழைய அரண்மனை மாதிரி. உள்ளே போனால் மேலே வானம். ஒரு பக்கம் நெட்டுக்கு சுமார் 90 மீட்டர் நீளம், 18 மீட்டர் உயரத்தில் ஒரே சுவர். ஜன்னல் இல்லை, சிற்பம் இல்லை, மொட்டைச் சுவர். எதிரே பிறை மாதிரி வளைந்த தூண்வரிசை; தூண்களுக்கிடையே இரண்டு மாடியாக நூற்றுச் சொச்சம் பாக்ஸ்கள்.

ஓபராவுக்கு எதற்கு மொட்டைச் சுவர் என்று கேட்கிறீர்களா? ஸார், இதை ஓபராவுக்கே கட்டவில்லை. பந்து விளையாடக் கட்டினார்கள்!

அந்தக் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் ஒரு பந்தாட்டப் பைத்தியம். முழங்கை வரை, முட்கள் வைத்த மர உருளையை மாட்டிக்கொண்டு, தோல்பந்தை அடிப்பார்கள். ஆட்டக்காரர்களுக்கு சினிமா ஸ்டார் அந்தஸ்து. பக்கத்து ஊர் த்ரேயாவைச் சேர்ந்த கார்லோ திதிமி என்ற ஆட்டக்காரரை மனசில் வைத்து, அருகே ரெகனாத்தியில் பிறந்த மகாகவி லெயோபார்தி 1821-ல் ஒரு கவிதையே எழுதியிருக்கிறார். பந்து மோதித் திரும்ப ஒரு பெரிய சுவர் வேண்டும். ராஜாவும் கொடுக்கவில்லை, போப்பாண்டவரும் கொடுக்கவில்லை. ஊரில் வசதியுள்ள நூறு பேர் சேர்ந்து பணம் போட்டார்கள். இரெனேயோ அலெயாந்த்ரி என்ற இளம் ஆர்க்கிடெக்ட் முடித்துக் கொடுத்தார். 1829-ல் திறப்பு. ஊருக்கு அழகாக, மக்கள் சந்தோஷத்துக்காக நூறு பேர் கட்டியது என்று வாசலில் பொறித்தார்கள். நூறு பேரின் பெயர் இல்லை. வெறும் 'நூறு பேர்'!

பிறகு பந்தாட்டத்தின் மவுசு குறைந்தது. 1921-ல் கோந்தி என்ற பிரபு இங்கே 'ஐதா' ஓபராவை மேடையேற்றினார். அப்போதுதான் தெரிந்தது: பந்தைத் திருப்பி அனுப்பக் கட்டிய சுவர், பாட்டையும் திருப்பி அனுப்புகிறது! அடுத்த வருஷமும் நடந்தது. அப்புறம் விட்டுப்போய், 1967-லிருந்து வருஷா வருஷம் கோடை விழா.

ராத்திரி ஒன்பது மணிக்கு ஆட்டம். எனக்கு உச்சி பால்கனியில் மலிவு டிக்கெட். பக்கத்து ஸீட்டில் எழுபதைத் தாண்டிய அம்மாள், ரிடையர்டு இங்கிலீஷ் டீச்சராம். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு மெத்தைத் துண்டை எடுத்து நீட்டினார்.

"முதல் தடவையா? வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி. மூன்றாவது அங்கத்தில் என்னை வாழ்த்துவீர்கள்."

வெர்தியின் 'லா த்ராவியாத்தா'. கதை நாம் நூறு படத்தில் பார்த்ததுதான். பாரீஸ் தாசி வியோலெத்தா ஒரு நல்ல வீட்டுப் பையனைக் காதலிக்கிறாள். பையனின் அப்பா வந்து கெஞ்ச, விட்டுக்கொடுக்கிறாள். காசநோய். சாவு. 1853-ல் வெனிஸில் முதல் ராத்திரி படு ஃபெயில். காசநோய்க்காரியாக நடித்தவர் வாட்டசாட்டமாக இருந்ததால் ஜனங்கள் சிரித்துவிட்டார்களாம்.

இந்த மேடையமைப்பு, 1992-ல் செக் நாட்டு யோசெஃப் ஸ்வோபோதா இதே சுவருக்காக உருவாக்கியது. மேடையில் ராட்சசக் கண்ணாடி ஒன்று சாய்ந்து நிற்கிறது. மாளிகை, தோட்டம் எல்லாம் தரையில் விரித்த ஓவியங்கள். கண்ணாடியில் பார்த்தால் நிமிர்ந்து நிற்கும்! ஓர் ஓவியத்தை உருவினால் அடுத்த ஸீன்.

இடைவேளையில் அம்மாளிடம், "வருஷா வருஷம் வருவீர்களா?" என்றேன்.

"2017-ல்கூட வந்தேன்" என்றார். ஏன் அந்த 'கூட' என்று புரியவில்லை. அவரே சொன்னார்.

"என் கிராமம் அந்த மலையடியில். 2016 அக்டோபர் 30 காலை, பூகம்பம். வீடு விழவில்லை. உள்ளே போகக் கூடாதென்று பூட்டிவிட்டார்கள். கடற்கரை ஹோட்டலில் அரசாங்கம் தங்கவைத்தது. பதினொரு மாதம். காலையில் காபி, துவாலை, ஸீ வியூ. டூரிஸ்ட் மாதிரி! எனக்கு அழுகையே வரவில்லை. எல்லாரும் தைரியசாலி என்றார்கள்."

"அப்புறம்?"

"ஆகஸ்டில் டிக்கெட் வாங்கினேன். என் மகன் கத்தினான். இந்த நிலைமையில் ஓபரா ஒரு கேடா என்று. நியாயம்தானே? ஆனாலும் வந்தேன். 'பட்டர்ஃப்ளை' போட்டார்கள். அவள் குழந்தையைப் பிரிகிறபோது எனக்கு ஆரம்பித்தது. முடிந்து விளக்குப் போட்ட பிறகும் நிற்கவில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்த்தால், ஹோட்டலில் எதிர் ரூம்காரர். அவரும் அழுகிறார்!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "இப்போது வீடு?" என்றேன்.

"கட்டிக்கொண்டே இருக்கிறார்கள்" என்றார். அந்தத் தொனி எனக்கு நன்றாகப் புரிந்தது. எந்த நாட்டுக்காரனுக்கும் புரியும்.

மூன்றாவது அங்கம். மைக் இல்லை. பாடகி ஏறக்குறைய கிசுகிசுக்கிறார். உச்சி பால்கனியில் எனக்குக் கேட்கிறது. இத்தாலியன் ஒரு வார்த்தை தெரியாது. சுவரில் ஓடிய ஆங்கில வரிகளைப் படிப்பதை எப்போது நிறுத்தினேன் என்றும் தெரியாது.

முடிவில் அந்தக் கண்ணாடி மெதுவாக எழுந்தது. செங்குத்தாக நின்றது. இப்போது அதில் மாளிகை இல்லை, தோட்டம் இல்லை. நாங்கள்! வளைந்த தூண்கள், பாக்ஸ்கள், விசிறிக்கொண்டிருந்த பெண்கள், கோட்டு போட்ட கிழவர்கள் எல்லாரும் மேடையில். வியோலெத்தா எங்கள் நடுவில் செத்துக்கொண்டிருந்தாள்.

நூறு பேர் யாருக்காகக் கட்டினார்கள் என்று வாசலில் படித்தது, அப்போதுதான் உறைத்தது.

அந்த நூறு இன்னும் முடியவில்லை என்று படியிறங்கும்போது அம்மாள் சொன்னார். 'நூறு புரவலர்கள்' என்ற பெயரிலேயே, இந்தப் பக்கத்துக் கம்பெனிக்காரர்களும் தனி ஆட்களும் இந்த விழாவுக்குப் பணம் போடுகிறார்களாம்.

"நீங்கள் அதில் உண்டா?" என்றேன்.

"நான் டிக்கெட் வாங்குகிறவள். அதுவும் வேண்டாமா?" என்றவர், கையை நீட்டினார்.

விடைபெறத்தான் என்று குலுக்கப் போனேன்.

"மெத்தை" என்றார்.