பரங்கிக்காய் ரொட்டியும் எங்க ஆயாவும்

ஐப்பசி அடைமழைக்கு காலேஜ் லீவு விட்டா என்ன செய்வீங்க? தூங்குவேன்னு சொல்றவங்க புத்திசாலிங்க. நான் ஸ்ரீமுஷ்ணத்துல எங்க வீட்டு அடுப்படியில ரொட்டி சுட்டேன். அதுவும் பரங்கிக்காய் ரொட்டி, அதுவும் பிரஷர் குக்கர்ல!

அமெரிக்காவுல இலை உதிர்ற காலத்துல வீட்டுக்கு வீடு இதைச் செய்வாங்க. அக்டோபர் 31 ஹாலோவீன்ல ஆரம்பிச்சு, நவம்பர் நாலாவது வியாழக்கிழமை வர்ற தேங்க்ஸ்கிவிங் வரைக்கும் எங்க பார்த்தாலும் பரங்கிக்காய்தான். பேருதான் ரொட்டி. ஈஸ்ட் கிடையாது, சமையல் சோடாவுல உப்புற ஒரு வகை கேக். நமக்கு இலை உதிர் காலம் ஏது? மழைக்காலம்தான். ஆனா பரங்கிக்காய் இருந்துச்சு, ஒண்ணே ஒண்ணு.

அந்த ஒண்ணுதான் பிரச்சினை. ஆடியில எங்க தாத்தா எருக்குழி ஓரமா விதை ஊன்றினார். கொடி பூ விடும்போது அவர் இல்லை. ஐப்பசியில காய் பழுத்து, அப்பா பறிச்சுக் கொண்டுவந்து கூடத்து மூலையில வச்சார். அதோட சரி. எங்க வீட்டுல முழுப் பரங்கிக்காய்ல முதல் வெட்டு தாத்தாதான் போடுவார். அப்புறம் ஆயா துருவி, அரிசியும் பருப்பும் அரைச்ச மாவுல போட்டு அடை சுடும். இந்த வருஷம் யாரும் அந்தக் காயைத் தொடலை. ஆயா அடுப்படிப் பக்கமே வரலை.

மூணு நாள் பார்த்துட்டு நானே கேட்டேன். "ஆயா, அதை வெட்டட்டுமா? ரொட்டி சுடப் போறேன்." ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம், "விதையை மட்டும் வீணாக்காம எடுத்து வை"ன்னுச்சு. அருவாமனையை எடுத்துட்டு வந்து உட்கார்ந்துட்டேன்.

செய்முறை சுலபம்தான். குக்கர்ல ரெண்டு டம்ளர் கல் உப்பைப் பரப்பி, மேல ஒரு வளையம் வச்சு, மூடியில கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழட்டிட்டு பத்து நிமிஷம் சூடாக்கணும். தண்ணி ஊத்தக் கூடாது. ஒண்ணரை கப் கோதுமை மாவு, முக்கால் கப் நாட்டுச் சர்க்கரை, ஒரு கப் வேக வச்சு மசிச்ச பரங்கிக்காய், அரை கப் எண்ணெய், கால் கப் தயிர், முக்கால் ஸ்பூன் சோடா, ஒரு சிட்டிகை உப்பு. தயிர்ல இருக்கிற புளிப்புதான் சோடாவைப் பொங்க வைக்குது. அவங்க ஜாதிக்காய், கிராம்பெல்லாம் போடுவாங்க. நான் பட்டையும் சுக்கும் போட்டேன், மேல நம்ம பக்கத்து முந்திரி.

ஐம்பது நிமிஷம் கழிச்சுத் திறந்தா மேல பொன்னிறம். வெட்டினா நடுவுல களி! :-)

கதவோரமா நின்னு பார்த்துக்கிட்டிருந்த ஆயா, "தண்ணிக் காயை வேக வச்சா அப்படித்தான். துருவி, துணியில கட்டிப் பிழிஞ்சு போடணும்"னுச்சு. சொல்லிட்டு நிக்கலை. துருவியை என் கையில இருந்து வாங்கிக்கிச்சு. ஆவணிக்கு அப்புறம் ஆயா அடுப்படியில உட்கார்ந்தது அன்னைக்குத்தான்.

ஆயா துருவும்போது நான் காலேஜ் அறிவைக் காட்டினேன். பரங்கிக்காய் நம்ம ஊர்க் காயே இல்ல ஆயா, அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்தது. மெக்சிகோவுல பத்தாயிரம் வருஷம் முன்னாடியே இந்த இனத்துக் காயைப் பயிர் பண்ணியிருக்காங்க. நமக்குக் கப்பல்ல கொண்டுவந்தது வெள்ளைக்காரங்க. அவங்களைப் பரங்கின்னோம், காய்க்கும் அதே பேரு. நம்ம பக்கம் ஓடுற வெள்ளாறு கடல்ல சேர்ற ஊரு கூட பரங்கிப்பேட்டைதானே? போர்த்துக்கீசியர் போர்ட்டோ நோவோன்னு பேர் வச்ச துறைமுகம்.

ஆயா நிமிரவே இல்லை. "எங்கேருந்து வேணா வரட்டும். இது உங்க தாத்தா வச்ச கொடி."

அதுக்கு என்ன பதில் சொல்றது? மாசி மகத்துக்கு எங்க பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குப் போனா, அங்க முஸ்லிம்கள் வரவேற்று மரியாதை செய்வாங்க. வந்தவங்க, இருந்தவங்கன்னு கணக்குப் பார்க்காத பக்கம் இது. ஒரு காய்கிட்ட மட்டும் பார்க்கிறதா?

ரெண்டாவது ரொட்டி நல்லா வந்துச்சு. முதல் துண்டை ஆயா தாத்தா படத்துக்கு முன்னாடி வச்சிட்டு, அடுத்ததை வாயில போட்டு மெதுவா மென்னுச்சு. "அவர் இருந்தா இது என்ன இனிப்பு அடையான்னு கேட்டிருப்பார்"னு சொல்லி இன்னொரு துண்டு எடுத்துக்கிச்சு.

விதையெல்லாம் கழுவி முறத்துல காயுது. மழை விட்டா வெயில்ல வைக்கணும். ஆடிக்கு லீவு கிடைக்குதோ இல்லையோ, ஊன்றுறதுக்கு நான் ஊருக்கு வரணுமாம். ஆயா உத்தரவு.