பதினோராம் எண் கூண்டு

சிராங்கூன் சாலைக் கடைகளில் தேங்காய் குவிந்திருக்கக் காணும்போதெல்லாம் என் நெஞ்சம் வேதாரண்யத்திற்குச் சென்றுவிடும். என் தந்தையார் நாற்பது தென்னைகளை நட்டு வளர்த்த மண் அது.

2018 நவம்பர் 15ஆம் நாள் இரவு 'கஜா' புயல் அக்கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. தேக்காவில் உள்ள என் வீட்டிலிருந்து அக்காவிடம் தொலைபேசியில் பேசினேன். காற்றின் வேகத்தை நான் அடுக்கத் தொடங்கியதும் அவர் இடைமறித்தார்.

"இங்கே மின்சாரம் போய்விட்டது, தம்பி. கிலோமீட்டர் கணக்கு எனக்கெதற்கு? எத்தனாம் நம்பர் கூண்டு ஏற்றியிருக்கிறார்களாம்? அதைப் பார்த்துச் சொல்."

கூண்டின் கணக்குக் கடற்கரை மக்களுக்கு மனப்பாடம். 1, 2 என்றால் புயல் தொலைவில் உள்ளது. 3, 4 என்றால் துறைமுகத்திற்கே எச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பேரபாயம்.

அறிவியலார் கணக்கு வேறு. இந்திய வானிலைத் துறை மூன்று நிமிடச் சராசரி வேகத்தைக் கொள்கிறது. மணிக்கு 63 கிலோமீட்டரை எட்டினால் புயல். 89 எனில் தீவிரப் புயல். 118 எனில் அதிதீவிரப் புயல். அமெரிக்கர் ஒரு நிமிடச் சராசரியையும் ஜப்பானியர் பத்து நிமிடச் சராசரியையும் கொள்வர்.

அளப்பவர் மாறினால் பெயரும் மாறும் என்பதற்கு நம் அண்டையிலேயே சான்றுண்டு. நிலநடுக்கோட்டருகே பூமியின் சுழற்சி காற்றைச் சுழலச் செய்யும் ஆற்றல் மிகக் குறைவு. ஆதலால் இங்குப் புயல் அணுகாது என்றிருந்தோம். 2001 டிசம்பர் 27 அன்று 'வாமெய்' ஏறத்தாழ 1.5 பாகை வடக்கில் ஜொகூர்க் கரையைக் கடந்தது. தம் கடற்படைக் கப்பல்கள் அளந்த வேகத்தைக் கொண்டு அமெரிக்கர் அதனை 'டைஃபூன்' என்றனர். ஜப்பானிய வானிலை நிறுவனமோ அதற்குக் கீழான வகையில் வைத்தது.

அக்காவின் வினாவுக்கு விடை தேடிக்கொண்டு மீண்டும் அழைத்தேன். இணைப்பு இல்லை. மூன்று நாள்கள் இல்லை. அப்போதுதான் தந்தையார் சொல்லக் கேட்ட 11ஆம் எண் கூண்டு நினைவுக்கு வந்தது. அது காற்றின் வலிமையைக் குறிப்பதன்று; வானிலை நிலையத்தோடு தொடர்பு அற்றுப்போயிற்று என்பதே அதன் பொருள். அம்மூன்று நாள்களும் அக்கூண்டு என் வீட்டு வாசலில் தொங்கியது.

நான்காம் நாள் அக்காவின் குரல் கேட்டது.

"நாங்கள் இருக்கிறோம், தம்பி. தென்னைதான் மூன்று மிஞ்சியது."

தென்னை நட்டுக் காய் பறிக்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அக்காவுக்கு அப்போது வயது அறுபத்தெட்டு. அவ்விழப்பை அளக்கும் எண் எந்தக் கூண்டிலும் இல்லை.