நாலு புள்ளி போதும், அம்மணி

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த கையோடு கோவையில் ஒரு மோல்டு டிசைன் ஆபீசில் சேர்ந்தேன். பிளேட், பிராக்கெட், ஃபிளாஞ்ச் என்று அளவு போட்டு வரையக்கூடியவை எனக்குக் கைவந்தவை. முதல் வேலையாக வந்ததோ மிக்ஸி ஜாரின் கைப்பிடி. அதில் நேர்கோடு என்று ஒன்றுகூட இல்லை.

எனக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஃபவுண்டரிக்கு மரப் பேட்டர்ன் செய்துகொண்டிருந்தவர். கம்ப்யூட்டருக்கு அதன் பிறகுதான் வந்தார். வளைந்த பரப்பை எழுப்பும் முறையைச் சுருக்கமாகவே சொன்னார். கைப்பிடியை அங்கங்கே குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவங்கள் ப்ரொஃபைல்கள். அவற்றைத் தொட்டபடி நீளவாக்கில் ஓடுவது கைடு கர்வ். லாஃப்ட் கட்டளை ப்ரொஃபைல்களுக்கு இடையே தோலை இழுத்துக் கட்டும். அந்தத் தோல் எங்கே உப்பலாம், எங்கே ஒடுங்க வேண்டும் என்பதைக் கைடு கர்வ் பிடித்து வைக்கும்.

கேட்க எளிதாக இருந்தது. நான் கொடுத்த முதல் லாஃப்டை சாலிட்வொர்க்ஸ் மென்பொருள் ஏற்கவே இல்லை. திரையில் கோடும் ப்ரொஃபைலும் தொட்டுக்கொண்டுதான் இருந்தன. அண்ணன் படத்தைத் திருப்பிப் பெரிதாக்கிக் காட்டினார். இடையில் மயிரிழை இடைவெளி. “கண்ணுக்குத் தொட்டாப் பத்தாது அம்மணி, குத்தி நிக்கோணும்” என்றார். கைடு கர்வை முதலில் வரைந்துவிட்டு, அது ப்ரொஃபைல் வரையும் தளத்தைத் துளைக்கும் இடத்தில் ப்ரொஃபைலின் புள்ளியைப் பூட்ட வேண்டும். அதற்குப் பியர்ஸ் என்று ஒரு பிணைப்பு உண்டு. பூட்டிய பிறகு கோட்டை இழுத்தால் ப்ரொஃபைலும் கூடவே நகரும்; மவுசைப் பிடித்த கைக்கே அந்தப் பிடிமானம் தெரியும்.

அடுத்த லாஃப்ட் வந்தது, ஆனால் பிழிந்த துண்டு போல முறுக்கிக்கொண்டு. ஒரு ப்ரொஃபைலின் தொடக்கப் புள்ளி மேலேயும் அடுத்ததன் புள்ளி பக்கவாட்டிலும் இருந்தன. அது சீக்கிரம் சரியாகிவிட்டது.

சரியாகாமல் நீண்ட நாள் என்னைப் படுத்தியது மேடு பள்ளம். வாடிக்கையாளர் கொடுத்த படத்தின் மேல் கோடு இம்மியும் பிசகக் கூடாதென்று புள்ளிகள் வழியே வளைந்தோடும் ஸ்ப்லைனில் அவற்றை நெருக்கி நெருக்கி வைத்திருந்தேன். கோடு படத்தோடு பொருந்தியது, பரப்பு அலையடித்தது. அடக்கலாம் என்று இன்னும் இரண்டு கைடு கர்வ் சேர்த்தேன். அலை கூடியது. ப்ரொஃபைல் ஒன்றைக் கூட்டினேன். அந்த இடத்தில் புதிதாக ஒரு வீக்கம். “இது டிசைனா, சிரங்கா?” என்று கேட்டுவிட்டு அண்ணன் டீக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்தவர் கர்வேச்சர் கோம்பைப் போட்டார். கோட்டுக்குச் செங்குத்தாகச் சீப்புப் பற்கள் எழும்; வளைவு கூடிய இடத்தில் பல் நீளும். பற்களின் நுனிகள் சீராக ஏறி இறங்கினால் கோடு நல்ல கோடு. என்னுடையவை ஒன்று நீண்டும் ஒன்று குட்டையுமாக, சில எதிர்ப்பக்கம் திரும்பியும் நின்றன. அவர் மெல்லிய மரச்சட்டம் ஒன்றை எடுத்து மேசையில் வளைத்து, சில இடங்களில் மட்டும் எடை வைத்தார். இடைப்பட்ட வளைவைச் சட்டமே பார்த்துக்கொண்டது. கப்பல் கட்டுகிறவர்கள் காலங்காலமாக இப்படித்தான் வளைவு வரைந்தார்களாம். பிறகு என் ஸ்ப்லைனை அழித்துவிட்டு ஸ்டைல் ஸ்ப்லைனில் நான்கே புள்ளிகள் வைத்தார். இடையிலுள்ள இரண்டும் கோட்டின் மேல் உட்காராமல் தள்ளி நின்று அதை இழுக்கின்றன. கணினியில் இந்தக் கணக்கு கார் கம்பெனிகளில் பிறந்தது. சித்ரோயனில் டி காஸ்டெல்ஜோ 1959-இலேயே எழுதிவிட்டார். கம்பெனி அதை ரகசியமாக வைத்ததால் ரெனோவின் பெசியர் பெயரே நிலைத்தது. இது நானாகப் படித்துத் தெரிந்துகொண்டது. அண்ணனுக்குச் சட்டமே போதும்.

கட்டைவிரல் பதியும் முனையில் இன்னொரு சங்கடம். அங்கே பரப்பை மூன்று பக்கமாகக் குவித்து ஒரே புள்ளியில் முடித்திருந்தேன். பார்க்க அழகுதான். 2.5 மில்லிமீட்டர் தடிமன் கொடுத்ததும் அந்த முனையில்தான் உடைந்தது. நான்கு பக்கமாக, தேவைக்கும் பெரிதாகப் பரப்பை ஓட்டிவிட்டுப் பிறகு வெட்டி எடுக்கச் சொன்னார். பேட்டர்ன் செய்தவரின் புத்தி அது. மரத்தை அளவுக்கு அறுத்துவிட்டு வேலை தொடங்கமாட்டார்கள்.

கைப்பிடி ஜாரோடு சேரும் இடத்தைப் பார்க்க பரப்பில் பிரதிபலிப்பு போல விழும் வரிக்குதிரைக் கோடுகளைத் திரையில் ஓடவிட்டோம். பரப்புகள் வெறுமனே தொட்டால் வரிகள் விலகி நிற்கும்; சாய்வு மட்டும் பொருந்தினால் சேர்ந்தாலும் மடங்கும்; வளைவும் பொருந்தினால்தான் வழுக்கிப் போகும். பளபளக்கும் பிளாஸ்டிக்கில் டியூப்லைட் வெளிச்சமும் இதையேதான் காட்டிக்கொடுக்கும். ஒரு மாலை, வரிகளைப் பார்த்தபடி கைடு கர்வின் உட்புள்ளியை மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தபோது, எங்கே இழுத்தால் எந்த வரி நேராகும் என்று இழுக்கும் முன்பே தெரிந்தது. இணைப்பில் இருந்த மடிப்பு போய்விட்டது.

அண்ணன் படத்தை ஒருமுறை சுழற்றிப் பார்த்தார். “மோல்டுக்கு அனுப்பலாம்” என்றார். இப்போது இஸ்திரிப் பெட்டியின் மேல்மூடி மேசைக்கு வந்திருக்கிறது. இரண்டு கைடு கர்வ் வேண்டும் என்கிறேன் நான். ஒன்றே போதும் என்கிறார் அவர்.